கண்ணுக்கும் பாடம்

கடையிலிருந்து வந்த தக்காளியைக் கொட்டிப் பார்த்துத் தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். பாதிக்குமேல் காய்.

“ரசத்துக்குப் பழமா வாங்கிட்டு வாடான்னா காயா பொறுக்கிட்டு வந்திருக்க. அப்படியே உங்க தாத்தாவ உரிச்சு வெச்சிருக்கடா.”

பாலகுமார் சிரித்தான். அம்மாவின் இந்த வசவு அவனுக்குப் பழசு. அவளுடைய அப்பாவுக்கு இருந்த அதே அகன்ற நெற்றி, அதே இடதுகைப் பழக்கம். அவரும் கடைக்குப் போனால் இப்படித்தான், காயும் பழமுமாய் அள்ளிக்கொண்டு வருவார். மகனைத் திட்டுகிற சாக்கில் அப்பாவை நினைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஈஜிபுராவில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் கட்டில் அவன் படிப்புக்கு, மிச்ச இடம் மற்ற எல்லாவற்றுக்கும். கட்டில் முழுக்க ராணுவ அகாடமி நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்கள், தேர்வாணையமே வெளியிட்டவை. அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டான். எட்டாம் வகுப்பிலிருந்து அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

இன்று அவன் நீட்டியது வேறு புத்தகம். கலர் பிரிண்ட் எடுத்துச் சுருள் கம்பி போட்டது. பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறையப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறத்தில் ஓர் எண். எழுத்துத் தேர்வில் தேறியபின் மெடிக்கலில் இதைக் காட்டிக் கேட்பார்களாம்.

“நீ பக்கத்தத் திருப்பிட்டே இரும்மா. நான் சொல்றது சரியான்னு மட்டும் சொல்லு.”

கண்ணுக்குமா படிப்பார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பொம்மசந்திரா கார்மென்ட்ஸில் நாளெல்லாம் நிறம் மாறிய நூலைப் பிடித்துக் கொடுப்பவள் அவள். இதைப் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடுமே.

அவள் திருப்பத் திருப்ப அவன் சொன்னான். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. ஐந்து. மூன்று. பதினைந்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவனை யூனிஃபார்மில் நினைத்துப் பார்த்து அவளுக்கு நெஞ்சு பூரித்தது.

அடுப்பில் பருப்பு பொங்கியது. எட்டி அணைத்துவிட்டு வந்து ஈரக் கையோடு பக்கத்தைத் திருப்பினாள். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பில் ஆறு பளிச்சென்று தெரிந்தது.

“எழுபத்திநாலு,” என்றான் பாலகுமார், அதையே பார்த்தபடி.

அவள் விரலில் இரண்டு தாள்கள் சேர்ந்து ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்தாள். தாண்டிப் போன பக்கத்தில் இருந்தது எழுபத்திநாலு.

தன் அப்பா வாங்கி வந்த தக்காளிகளை வைத்து வீடே சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

“என்னம்மா, சரியா?”

“சரிதான்டா,” என்றாள்.

எந்த டாக்டராக இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாகவே திருப்பட்டும், மாரியம்மா, என்று வேண்டிக்கொண்டே, பிரித்த தாளை ஒழுங்காகத் திருப்பினாள்.

சற்றுமுன் பார்த்த அதே பக்கத்தை அவன் மறுபடியும் பார்த்தான்.

“ஆறு,” என்றான்.