துணைக்கு வந்தவர்

மாசாணத்தின் நிழல் கழுத்தில் விழுந்தால் ஆள் மூச்சடைத்துச் செத்துப்போவான். அதைக் கூலிக்குச் செய்துகொண்டிருந்தவன், எழிலைக் கொன்ற பிறகு விட்டுவிட்டுத் துடியலூரில் பஞ்சர் கடை போட்டிருந்தான். எழில் சூலூரில் தறி ஓட்டியவன். தறியில் விரல் போன ஒரு பெண்ணுக்காக முதலாளியிடம் நியாயம் கேட்டவன்.

எழிலின் மனைவி கயல்விழி ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். எழில் விழுந்த அன்று தெருவில் நின்றிருந்த முகத்தை அவள் மறக்கவில்லை.

"உங்களை அனுப்புனது அந்த முதலாளிதானுங்களா?"

"ஆமாங்க."

"கொன்னுபோட்டு இங்க டயருக்குக் காத்தடிச்சுட்டு இருக்கறீங்க. அவன் மகளுக்குச் சீர் வெச்சு ஊருக்கே விருந்து போடறான்."

"நான் அந்தத் தொழிலை விட்டுட்டனுங்க, அம்மணி."

"நான் விடலீங்க. உங்களை யாரு கூப்பிட்டா? உங்க நிழலை மட்டும் அனுப்புங்க."

மாசாணம் வெயிலில் இறங்கி நின்றான். பிறகு மறுபடி கடைக்குள் போனான். நிழல் வெயிலிலேயே கிடந்தது.

கயல்விழி சூலூருக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அவள் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

முதலாளி வாசலுக்கு வந்தார். எழிலுக்கு மாலை போட வந்தபோது இருந்த அதே பணிவு.

"வாங்க அம்மணி. ஏனுங்க, கூட வந்தவரு கேட் பக்கத்துலயே நின்னுட்டாரு? உள்ள வரச் சொல்லுங்க."

கயல்விழி திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க," என்றாள்.