சாம்பலின் தலைவர்

மொட்டை மாடியில் ஒரு கரி கிரில் அடுப்பு இருந்தது. தகடு மெலிசு, பளபளப்பு அதிகம். கோழி வெந்து முடிந்ததும் கம்பி பிரஷ் வந்து, "மூடியைத் திறய்யா, சாம்பலை அள்ளிடறேன்" என்றது.

கிரிலுக்கு அந்தச் சொரசொரப்பான ஆளைக் கண்டாலே உடம்பு கூசும்.

வயிற்றுக்குள் கிடந்த சாம்பல் குழைந்தது. "இந்த நிறத்துல கீறல் விழலாமா தலைவரே? நான் உங்களுக்கு மெத்தையா இருந்துட்டுப் போறேன்."

கிரிலுக்கு உச்சி குளிர்ந்தது. "வெளியே துடைச்சா போதும், போ" என்று பிரஷை விரட்டியது.

மழைக்காலம் முழுக்கச் சாம்பல் ஈரத்தைக் குடித்தது. "அடியில என்னமோ அரிக்குதே" என்றது கிரில்.

"அது வளர்ச்சி தலைவரே!" என்றது சாம்பல்.

அடுத்த விருந்தில் கரி கனன்றதும் கிரிலின் துருப்பிடித்த அடித்தகடு பொத்தென்று கழன்றது. கோழியும் கரியும் சாம்பலும் தரையில் கிடந்தன. கிரில் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறியது.

அதே இடத்துக்குக் கனத்த வார்ப்பிரும்பு கிரில் ஒன்று வந்தது. தரையில் மிச்சமிருந்த சாம்பல் காற்றில் எழுந்து அதன் மேல் உட்கார்ந்தது.

"அடேயப்பா, என்ன கம்பீரம் தலைவரே!"

"நிஜமாவா சொல்றே?" என்றது வார்ப்பிரும்பு.

ஆணியில் தொங்கிய பிரஷ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.