அறுநூற்றுக்கு இந்தப் பக்கம்

“ஏறியிருக்கா டாக்டர்? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க” என்றாள் அம்மா.

டாக்டர் ஷியே திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தைவானில் கண்ணின் பவரை நூறுகளில்தான் சொல்வார்கள்; மைனஸ் ஒன்று என்றால் நூறு. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முந்நூறு, நானூறு. நான் ஐந்நூற்று எழுபத்தைந்து. அறுநூற்றைத் தாண்டிவிட்டால் அது வெறும் கண்ணாடி விவகாரம் இல்லை.

கண் உருண்டை பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலியும். நீண்டது நீண்டதுதான், திரும்பாது. வளர்கிற வயதிலேயே பிடித்து நிறுத்தினால்தான் உண்டு.

எட்டு வயதில் கண்ணாடி போட்டேன். ஒவ்வொரு முறை இங்கே வரும்போதும் ஏறியிருக்கும். போன வருஷம் அம்மாவுக்கு வெறியே பிடித்துவிட்டது.

முதலில் மாலை டியூஷனை நிறுத்தினாள். அதுவும் நுழைவுத் தேர்வு நெருங்குகிற நேரத்தில்! அடுத்து பள்ளிக்கூடத்துக்கே போய் நின்றாள். மதியம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். எல்லோரும் மேசைமேல் தலை கவிழ்த்துத் தூங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் என் மகள் மைதானத்தில் நடப்பாள் என்று வகுப்பாசிரியரிடம் மல்லுக்கட்டி ஜெயித்தாள். பகல் வெளிச்சத்தில் இருந்தால் கண் நீளுவது குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடமே தூங்க, நான் மட்டும் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாகச் சுற்றினேன். கண் நீளாமலிருக்க இரவில் விடுகிற சொட்டு மருந்தால் பகலில் வெளிச்சம் கூசும். ஜன்னலோரம் இருப்பவர்கள் தூங்காமல் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. அம்மாவோடு பேசாமலே இருந்த நாட்கள் உண்டு.

கீழ்வீட்டு ஷுவே-லிங் அத்தை அம்மாவை மாடிப்படியிலேயே மடக்கினாள்.

“பரீட்சைக்குப் படிக்கிற பொண்ண மாடு மாதிரி வெயில்ல மேய விடுறியே, உனக்கென்ன கிறுக்கா?”

“ஆமா, கிறுக்குதான். உன் பையனையும் அனுப்பு. ரெண்டும் சேர்ந்து மேயட்டும்” என்றாள் அம்மா.

இப்போது டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். “யுன்-ச்சி, நீயே அம்மாவுக்குப் படிச்சுச் சொல்லு.”

படித்தேன். போன முறை இருந்த நீளம்தான். பவரும் அதேதான். ஏறிக்கொண்டே வந்த கோடு அப்படியே சமமாகப் படுத்துவிட்டது.

“இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

அம்மா மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “ஜெயிச்சுட்டோம்டி!” அவள் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த பிள்ளைகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தன. டாக்டரே சிரித்துவிட்டார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை முட்டியது.

“அறுநூறத் தாண்டினப்ப எனக்கும் இவ வயசுதான் டாக்டர். அப்ப யாரும் எதுவும் சொல்லல” என்றாள் அம்மா.

எழுந்து, காற்றில் கையை நீட்டித் துழாவினாள். அந்தக் கையைப் பிடித்து என் தோளில் வைத்துக்கொண்டேன். விழித்திரை கிழிந்து அவளுடைய இரண்டாவது கண்ணும் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

வாசலுக்கு வந்ததும் என் கன்னத்தைத் தடவினாள்.

“ஷுவே-லிங் சொல்றா, வெயில்ல நீ கரிச்சட்டியா கறுத்துட்டியாம். நெஜமாடி?”

“ஆமாம்மா” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. “நல்லாக் கறுத்துட்டேன்!”