அடியில்லாத கூண்டு

ஆட்டுப்பட்டிக்கு வாங்கிய கம்பிவலைத் தட்டியை நாச்சிமுத்து முழங்காலால் அழுத்தி வில்லாக வளைத்தார். இரு முனைகளையும் மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டியதும் அடியில்லாத ஒரு கூண்டு எழுந்து நின்றது. கழுத்தைத் திருகிக் கொல்லும் கழிச்சல் நோய்க்குத் தப்பி மிஞ்சியது ஒரே ஒரு செங்கோழிதான்.

"ஏனுங்க, அதையாச்சும் இன்னைக்கே அறுத்துக் கொழம்பு வெச்சுப்போடலாமுங்க," என்றாள் மனைவி மயிலாத்தாள்.

"தெனமும் நோவு படாத புது மண்ணுக்கு இழுத்து வெச்சாப் பொழச்சுக்கும் புள்ளெ."

கோழியை உள்ளே விட்டுக் கூண்டைக் கயிறு கட்டி மெல்ல இழுத்தார். கோழியும் உள்ளுக்குள்ளேயே கூட நடந்தது. காய்ந்த தோப்பில் புல் இருந்தது தென்னம்பாத்திகளில் மட்டும்தான். முதல் பாத்தியில் கூண்டை நிறுத்தியவர், ஏதோ நினைவு வந்து அடுத்ததற்கு இழுத்தார். அங்கிருந்து அதற்கும் அடுத்ததற்கு. செத்த கோழிகளையெல்லாம் தென்னைக்கு நல்ல உரம் என்று மரத்துக்கு ஒன்றாகப் புதைத்தது அவர் கைதான்.

கடைசி மரத்தடியில் கயிற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கோழி ஆசை ஆசையாய் மண்ணைக் கிளறியது. ஒரு வெள்ளை இறகு மேலே வந்தது. அதைக் கொத்திப் பார்த்துவிட்டு, கழுத்தை லேசாகச் சாய்த்து அவரைப் பார்த்தது. சாய்த்த கழுத்து நிமிர்வதற்காக அவர் காத்திருந்தார்.