கஷ்டமில்லை

பனியன் கம்பெனி கட்டிங் மெஷினில் சிக்கிய வலது கைக்கு அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் கழித்து மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு வந்திருந்தாள் ருக்மணி. ஆய்வுக்காகக் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்த பிசியோதெரபி மாணவி ஷெரினுக்குத் தலை சுற்றியது. பிடியின் பலத்தை அளக்கும் கருவியில் முள் அசையவே மறுத்தது. தாளிலோ குளிப்பது, சேலை கட்டுவது, பாட்டில் மூடி திறப்பது என எல்லாவற்றுக்கும் ருக்மணி சொன்ன பதில் ‘கஷ்டமில்லை’. இப்படியே போனால் குணமாகிவிட்டாள் என்று எழுதிக் கைப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள்.

“அக்கா, நிஜமாவே சடை பின்ன முடியுதா?”

“அதுலென்ன கண்ணு கஷ்டம்? தெனமும் பின்னிக்கிட்டுத்தான இருக்கறேன்.”

“எங்க, பின்னிக் காட்டுங்க.”

ருக்மணி இடது கையால் சடையை அவிழ்த்தாள். ரப்பர் பேண்டை ஷெரினின் மடியில் போட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகு காட்டி நிம்மதியாக உட்கார்ந்துகொண்டாள்.

ஷெரின் பேனாவை மூடி வைத்துவிட்டு, கூந்தலை மூன்றாகப் பிரித்தாள்.

“இறுக்கமாப் போடு கண்ணு,” என்றாள் ருக்மணி. “நேத்து எதுத்த வீட்டு மும்தாஜ் லூசாப் போட்டுட்டா.”