மருந்து படாத நாலு பாத்தி

“ஊருக்கெல்லாம் விஷம், உம்ம வீட்டுக்கு மட்டும் நல்ல காயா?”

வன்னியம்பட்டிக் கத்தரித் தோட்டத்தில் செல்லக்கனி போட்ட சத்தத்தில், பக்கத்துப் புஞ்சையில் களையெடுத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

ராஜபாளையத்து மாதர் சங்கத் தலைவி என்றால் சும்மாவா? முந்தின நாள்தான் சங்கத்துக்கு ஒரு டாக்டர் வந்து, மண்ணும் தண்ணீரும் கெட்டதற்கு விவசாயிதான் காரணம் என்று ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கியிருந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் செல்லக்கனி காரியத்தில் இறங்கிவிட்டாள். தெருவுக்குக் கத்தரிக்காய் கொண்டுவரும் சோணைமுத்துவிடம் இனிமேல் வாங்குவதில்லை என்று நாற்பது வீட்டில் கையெழுத்து!

அதை நேரிலேயே சொல்லிவிட்டுப் போக பஸ் ஏறி வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து. மருந்தடிக்கிற ஆள் தோட்டம் முழுக்க அடித்தான். கிணற்றோரம் நாலு பாத்தியை மட்டும் தொடாமல் முதுகிலிருந்த மருந்துப் பம்பை இறக்கி வைத்துவிட்டான்.

“கண்ணால பாத்துட்டேன். இனி நாப்பது வீட்டுலயும் உம்ம காய் கிடையாது.”

சோணைமுத்துவின் முகம் செத்துவிட்டது.

“அப்படிச் சொல்லாதிய தாயி. பறிச்ச காயை மாட்டுக்குத்தான் போடணும். போன தையில மருந்தில்லாத காயைத்தான் உங்க தெருவுக்குக் கொண்டாந்தேன். ஓட்டைக் காய்னு கூடையோட திருப்பி அனுப்புனது நீங்கதான்.”

செல்லக்கனிக்குச் சுருக்கென்றது. அனுப்பியது உண்மை. ‘பூச்சிக் காயை யாரு தலையில கட்டப் பாக்கீரு?’ என்று கேட்டதும் உண்மை.

“சரி, எங்க தப்புதான். அடுத்த நடவுக்கு மருந்தே வேண்டாம். ஓட்டைக் காய்னாலும் நாப்பது வீட்டையும் வாங்க வைக்கது என் பொறுப்பு.”

“மெய்யாவா தாயி? அப்போ மருந்துப் பம்பைத் தோட்டத்துக்குள்ளயே விட மாட்டேன்!”

அத்தோடு விட்டிருக்கலாம். தலைவியாயிற்றே, விடுவாளா?

“ஆனா ஒண்ணு. கெடுதல்னு தெரிஞ்சுதானே உம்ம வீட்டுக்குத் தனியா வச்சிருக்கீரு?”

அவர் வாயைத் திறப்பதற்குள் வேலியோரம் ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா சுடலைமாடத்தி, இடுப்பில் கூடையோடு நின்றாள்.

“அண்ணே, இன்னைக்கு நூத்திருவது பிள்ளைய. காய் பறிச்சாச்சா?”

சோணைமுத்துவின் மனைவி குருவம்மாள் அந்த நாலு பாத்திக்குள் உட்கார்ந்து மளமளவென்று பறித்தாள். கூடை நிறைந்தது. ஆயா தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்க்க நடந்தாள். காசுப் பேச்சே வரவில்லை.

செல்லக்கனி குருவம்மாள் பக்கம் திரும்பினாள்.

“அப்போ… உங்க வீட்டுக்கு?”

குருவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நாலு பாத்தி பிள்ளையளுக்கே காணாதும்மா. நீங்க திங்கிற காயைத்தான் நாங்களும் திங்கோம்.”