காதோரத்து வெள்ளை

சிற்பி தெய்வானை மெழுகில் ஒரு பெண்ணின் தலையைச் செய்தாள். அதன்மேல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினாள். பிளாஸ்டர் இறுகியதும் ஆவி காட்டி, உள்ளே இருந்த மெழுகை உருக்கி வடித்துவிட்டாள். மிஞ்சியது ஒரு வெள்ளை அச்சு. அதன் வயிற்றுக்குள் ஒரு முகத்தின் பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் பச்சைக் கண்ணாடிக் கட்டிகளைப் போட்டு, அச்சோடு சூளையில் வைத்தாள். கண்ணாடி உருகியது.

“அண்ணே, எனக்குன்னு ஒரு உருவமே இல்லையே” என்று அழுதது.

“என்மேல சாஞ்சுக்கோ. தானா வரும்” என்றது அச்சு.

மூக்கு வந்தது, உதடு வந்தது. பிறகு சூளை மெல்ல மெல்ல ஆறத் தொடங்கியது. சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி வெடித்துவிடும்.

“விட்டுறாதீங்கண்ணே! காலத்துக்கும் உங்களை ஒட்டியே இருப்பேன்” என்று அது நடுங்கியது. அச்சு அதையும் நம்பியது. தன் முதுகில் விரிசல் ஓடுவதைச் சொல்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஆறி முடிந்ததும் தெய்வானை அச்சைச் சுத்தியலால் உடைத்தாள். துண்டுகள் குப்பைக் கூடைக்குப் போயின. கண்ணாடி முகம் வெளிச்சத்தில் பளபளத்தது. காதுமடலுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் வெள்ளை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

தேய்க்க வந்த பிரஷ் தயங்கியது. “இவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்கே, யாரு இது? உனக்குச் சொந்தமா?”

“எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை” என்றது கண்ணாடி. “நல்லா அழுத்தித் தேய்.”